கட்டற்ற இயங்குதளத்தில் தமிழின் இடம்

கணினியில் தமிழ் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் எண்ணுபவை இரண்டு: தமிழில் தட்டச்சு செய்தல், தமிழெழுத்தைத் திரையில் பிழையின்றிக் காணுதல். ஒருங்குறி பரவிய பின்னர் இவ்விரண்டும் கைகூடிவிட்டன. ஆயினும் ஒரு மொழி கணினியில் முழு உரிமையோடு வாழ்வதற்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். கணினியே நம்மிடம் அம்மொழியில் பேச வேண்டும். கோப்பைக் காணவில்லை என்று அறிவிப்பது, கடவுச்சொல்லைக் கேட்பது, தேதியைக் காட்டுவது, பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது ஆகிய யாவும் இதில் அடங்கும். இப்பேச்சு எங்கே உருவாகிறது, அதைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பவற்றை இங்கே காண்போம்.

இயங்குதளமும் மூல நிரலும்

வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகம், கோப்புகள், பயனர்கள் ஆகியவற்றை ஆளும் மென்பொருளே இயங்குதளம். மனிதர் படித்து அறியக்கூடிய வடிவில் எழுதப்பட்ட அதன் கட்டளைத் தொகுதியை மூல நிரல் என்கிறோம். இம்மூல நிரலை எவரும் காணவும் மாற்றவும் இடமளிக்கும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவானவையே இன்று டெபியன், உபுண்டு முதலிய பெயர்களில் வழங்கும் இயங்குதளங்கள். இவற்றின் உரிமம் பயனருக்கு நான்கு உரிமைகளை உறுதி செய்கிறது: எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றியதையும் பகிர்தல்.

மொழியாசிரியர்களுக்கு இவற்றுள் இரண்டாவது உரிமையே இன்றியமையாதது. நிறுவனங்கள் விற்கும் மூடிய மென்பொருள்களிலும் தமிழ் உண்டு. ஆனால், எந்தச் சொல் நிற்க வேண்டும், எந்தத் தொடர் பிழையானது என்பனவற்றை அங்கே முடிவு செய்வது நிறுவனம். கட்டற்ற மென்பொருளில் அம்முடிவு, உழைக்க முன்வரும் மொழிச் சமூகத்தின் கையில் இருக்கிறது.

ஒரு செய்தி தமிழாகும் முறை

நிரலை எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே செய்திகளை எழுதுகின்றனர். பின்னர் கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி அச்செய்திகளை எல்லாம் திரட்டி ஒரு கோப்பில் அடுக்குகிறது. மேல்வரியில் ஆங்கிலத் தொடர் இருக்கும். கீழ்வரி வெறுமையாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அவ்வரியை நிரப்புகிறார். இது எளிய உரைக் கோப்பு. இதனைத் திறக்கவும் திருத்தவும் நிரலாக்க அறிவு வேண்டுவதில்லை. பயனர் தமிழைத் தேர்ந்தெடுத்திருந்தால் கணினி கீழ்வரியைக் காட்டும். கீழ்வரி வெறுமையாக இருப்பின் ஆங்கிலமே திரையில் தோன்றும். தமிழ்த் திரையில் இடையிடையே ஆங்கிலத் தொடர்கள் தலைகாட்டுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வேற்றுமை உருபும் இடக்குறியும்

மொழியியலாளரின் கவனத்திற்குரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கோப்பை நீக்குமாறு பயனர் கட்டளையிடுகிறார், கணினியால் இயலவில்லை. 'இன்னதை நீக்க இயலவில்லை' என்று அது அறிவிக்க வேண்டும். இன்னது என்னுமிடத்தில் எந்தப் பெயர் வரும் என்பது நிரலை எழுதியவருக்குத் தெரியாது. ஆகவே அவர் அங்கே ஓர் இடக்குறியை வைக்கிறார். நிரல் இயங்கும்போது கோப்பின் பெயர் அவ்விடத்தில் வந்து அமரும்.

ஆங்கிலத்தில் இதனால் இடர் இல்லை. பெயர் எதுவாயினும் வடிவம் மாறுவதில்லை. தமிழிலோ செயப்படுபொருள் 'ஐ' உருபை ஏற்கும்போது பெயரின் வடிவமே மாறுகிறது. பாடம் என்பது பாடத்தை ஆகும். வீடு என்பது வீட்டை ஆகும். பூ என்பது பூவை ஆகும். ஒன்றில் அத்துச் சாரியை, மற்றொன்றில் ஒற்று இரட்டித்தல், மூன்றாவதில் உடம்படுமெய். இடக்குறிக்குப் பின் 'ஐ' என்று ஒட்டி எழுதினால் 'பாடம்ஐ', 'வீடுஐ' என்றே திரையில் வரும்.

இதற்கான தீர்வும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'என்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'என்பது' எந்தச் சொல்லையும் வடிவம் மாறாமல் ஏற்று, உருபைத் தான் சுமந்துகொள்ளும். 'வீடு என்பதை நீக்க இயலவில்லை' என்னும் தொடரில் வீடு மாறவில்லை. இடக்குறியில் எப்பெயர் வந்தாலும் தொடர் பிழையாவதில்லை. இதை அறிந்து எழுதுவதற்குத் தேவையானது நல்ல தமிழறிவே.

சொல்வரிசையும் அவ்வாறே. '10 பக்கங்களில் 3' என்று நாம் கூறுவதை ஆங்கிலம் 3ஐ முன்னும் 10ஐப் பின்னும் வைத்துக் கூறும். இடக்குறிகளுக்கு எண் கொடுத்து, இரண்டாவதை முதலில் வருமாறு அமைக்க இக்கருவி இடமளிக்கிறது. ஒருமை பன்மைக்கும் வழியுண்டு. ஒவ்வொரு மொழியும் தனக்கு எத்தனை வடிவங்கள் தேவை என்பதைக் கோப்பின் தலைப்பில் அறிவிக்கலாம். தமிழுக்கு இரண்டு, அரபுக்கு ஆறு, மலாய்க்கும் சீனத்திற்கும் ஒன்று.

சில வேளைகளில் தமிழின் பொருட்டு மூலமே திருத்தம் பெற வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் ஒரே சொல் ஏவலாகவும் நிற்கும், நிலையைக் குறிக்கும் பெயரடையாகவும் நிற்கும். தமிழில் முன்னது 'திற', பின்னது 'திறந்துள்ளது'. இரண்டிற்கும் ஒரே வரி இருந்தால் மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்? நிரலாளரிடம் இதனை எடுத்துரைத்தால், அவர் சூழற்குறிப்பு ஒன்றைச் சேர்த்து ஒரு வரியை இரண்டாகப் பிரிக்கலாம். மூல நிரல் திறந்திருப்பதால், தேவையை உணர்ந்த எவரும் அத்திருத்தத்தைத் தாமே எழுதி முன்மொழியவும் கூடும்.

இடமொழிக் கோப்பு

செய்திகளைத் தவிர, ஒரு நாட்டில் ஒரு மொழி வழங்கும் முறையைக் கூறும் 'லோக்கேல்' என்னும் இடமொழிக் கோப்பும் உண்டு. கிழமைப் பெயர், நாணயக் குறி, எண்களைப் பிரிக்கும் முறை, அகரவரிசை ஆகியன அதில் அடங்கும். ஒருங்குறி அட்டவணையின் வரிசையை அப்படியே பின்பற்றினால் 'கனி' முன்னும் 'கவி' பின்னும் வரும். ஏனெனில் அங்கே னகரத்திற்கு வகரத்தை விட முந்திய எண் தரப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ வகரமே முந்தியது. ஆகவே அகராதி வரிசையைப் பெறத் தனியான வரிசை விதிகள் தேவைப்படுகின்றன.

கணினி நிருவாகிகளுக்கு இக்கோப்பு மிகவும் பயன்படுவது. செய்தி மொழி, தேதி முறை, எண் முறை, வரிசை முறை ஆகியவற்றை இயங்குதளம் தனித்தனி வகைகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பயனருக்கேற்ப வேறாக அமைக்கலாம். ஒரு பள்ளியின் ஒரே வழங்கியில் ஒருவர் மலாயிலும் மற்றொருவர் தமிழிலும் ஒரே நேரத்தில் பணியாற்றலாம். வழங்கியின் பதிவேடுகளை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, மாணவர் காணும் திரைகளைத் தமிழில் அமைக்கவும் இயலும். பன்மொழி வழங்கும் நம் நாடுகளுக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு அரிது.

காத்திருக்கும் பணி

ஆயினும் உரிமை இருப்பது வேறு, பணி நடப்பது வேறு. மென்பொருள் புதிய பதிப்பு காணும்போது ஆங்கிலத் தொடரில் சிறு மாற்றம் நேர்ந்தாலும், அதற்குரிய பழைய தமிழ்த் தொடரைக் கருவி 'ஐயத்திற்குரியது' எனக் குறித்து ஒதுக்கிவிடும். யாரேனும் பார்த்து உறுதி செய்யும்வரை அவ்விடத்தில் ஆங்கிலமே நிற்கும். ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிட இயலாது. ஆண்டுதோறும் கவனிக்க ஆள் வேண்டும். கலைச்சொல் வேறுபாடும் உண்டு. ஒரே பொருளை ஒருவர் கணினி என்கிறார், ஒருவர் கணிப்பொறி என்கிறார், இலங்கையில் கணனி என்றும் எழுதியுள்ளனர். ஒரே திரையில் இவை கலந்து வந்தால் மாணவர் குழம்புவர்.

நமக்கு நெருக்கமான குறை ஒன்றும் உண்டு. லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றுக்கு அடிப்படையான குனூ சி நூலகத்தில், நான் பார்த்த பதிப்புகளில், தமிழுக்கு இருப்பவை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இடமொழிக் கோப்புகள் மட்டுமே. சிங்கப்பூர் ஆங்கிலத்திற்கு உண்டு, சிங்கப்பூர்ச் சீனத்திற்கு உண்டு, மலேசிய மலாய்க்கு உண்டு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூருக்கோ, தமிழ்ப்பள்ளிகள் நிறைந்த மலேசியாவுக்கோ தமிழ்க் கோப்பு இல்லை. ஆகவே இங்குள்ள பயனர் இந்தியக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், வெள்ளிக்கும் ரிங்கிட்டுக்கும் மாறாக ரூபாய்க் குறியும், 1,234,567 என்பதற்கு மாறாக 12,34,567 என்னும் பிரிப்பும் வந்து சேரும். இத்தனைக்கும் ஒருங்குறிக் கூட்டமைப்பின் இடமொழித் தரவுத் தொகுப்பில் மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. தரவு இருக்கிறது, அதனை எடுத்து உரிய வடிவில் எழுதி, நூலகத்தைப் பேணுவோரிடம் முன்வைப்பதே எஞ்சியுள்ள பணி.

அக்கோப்பு ஒரு சில பக்க அளவிலான உரை. கிழமைப் பெயர்களையும் திங்கள் பெயர்களையும் சரிபார்ப்பதற்கு ஒரு தமிழாசிரியரும், வடிவத்தைப் பிழையின்றி எழுதுவதற்குக் கணினி பயிலும் ஒரு மாணவரும் இணைந்தால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் இதன் முதல் வரைவை முடித்துவிடலாம். உள்ள கோப்புகளைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.