சாதனைக்கு ஓர் ஓட்டம், பதக்கத்துக்கு வேறோர் ஓட்டம்

1998 ஜூலை 14, ரோம். 1500 மீட்டர் ஓட்டத்தில் முன்னால் பாய்ந்த இருவருக்கும் வெற்றி பெறும் எண்ணமே இல்லை. கென்யாவைச் சேர்ந்த ராபர்ட் கிபெட், நோவா என்கெனி இருவரும் பேஸ்மேக்கர்கள். சொன்ன வேகத்தில் சொன்ன தூரம்வரை ஓடிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அவர்கள் வேலை. அவர்கள் விலகிய பிறகு தனியே ஓடிய மொராக்கோ வீரர் ஹிஷாம் எல் கெரூஜ், 3 நிமிடம் 26.00 வினாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டார். அல்ஜீரியாவின் நூருதீன் மோர்செலி வைத்திருந்த உலக சாதனையைவிட இது 1.37 வினாடி குறைவு. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் சாதனை எல் கெரூஜ் பெயரிலேயே இருக்கிறது.

800 மீட்டர், 1500 மீட்டர், மைல் ஆகியவற்றையே நடுத்தர தூர ஓட்டம் என்கிறார்கள். 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் ஓடுதளத்தில் மூன்றே முக்கால் சுற்று. நெடுந்தூர ஓட்டக்காரரின் மூச்சும் வேண்டும், குறுந்தூர ஓட்டக்காரரின் கால்வேகமும் வேண்டும். இதையே தொழிலாகக் கொண்டவர் உண்மையில் இரண்டு தொழில்களைக் கற்க வேண்டியிருக்கிறது. ஒன்று கடிகாரத்தோடு ஓடுவது, மற்றொன்று மனிதர்களோடு ஓடுவது.

முதலாவதுதான் சோறு போடுகிறது. ரோம், சூரிச், ஆஸ்லோ, பிரஸ்ஸல்ஸ் போன்ற நகரங்களில் கோடைதோறும் நடக்கும் போட்டிகளில் பரிசுப் பணம் உண்டு. பெயர் பெற்றவர்களுக்கு வந்து ஓடுவதற்கே தனியாகக் கட்டணம் கிடைக்கும். ஷூ நிறுவனங்களின் ஒப்பந்தம் வேறு. 1998இல் இத்தகைய போட்டிகளைக் கோத்த கோல்டன் லீக் தொடரின் 10 லட்சம் டாலர் பரிசை எல் கெரூஜ், எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி, அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இத்தகைய போட்டிகளில் ரசிகர்கள் எதிர்பார்ப்பது வேகத்தை. அதற்காகத்தான் பேஸ்மேக்கர்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் முன்னால் போகும் வண்டியின் மறைவில் ஒதுங்குவதுபோல, பின்னால் வருபவருக்குக் காற்றின் தடை குறைகிறது. எவ்வளவு வேகம் என்று கணக்குப் போடும் பாரமும் அவர் தலையிலிருந்து இறங்குகிறது. இப்போது ஓடுதளத்தின் உள்விளிம்பில் வரிசையாக விளக்குகளும் பதிக்கிறார்கள். குறித்த வேகத்தில் ஒளி நகர்ந்துகொண்டே போகும், அதைத் துரத்தினால் போதும்.

அந்த வேகத்துக்கு உடலைப் பழக்குவது குளிர்காலத்தில் தொடங்குகிறது. எல் கெரூஜ், பயிற்சியாளர் அப்தெல்காதர் கடாவின் கீழ், அட்லஸ் மலைத்தொடரில் 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இஃப்ரான் ஊரில் பயிற்சி செய்தார். மலைக்காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதற்கு ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கும். மாதக்கணக்கில் அங்கே உழைத்துவிட்டுக் கோடையில் கீழே இறங்கினால், அந்த உழைப்புக்கான தீர்ப்பு நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது தொழில் ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் தேவைப்படுகிறது. அங்கே பணம் பேசி பேஸ்மேக்கர் வைக்க முடியாது. சில நாள் இடைவெளியில் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஓட வேண்டும். பெரும்பாலும் யாரும் முன்னால் போகத் துணிய மாட்டார்கள். கூட்டமாக மெதுவாக ஓடி, முழங்கையால் இடித்து இடம் பிடித்து, கடைசிச் சுற்றில் சீறிப் பாய்வார்கள். கால் இடறினால் எல்லாம் போச்சு.

எல் கெரூஜுக்கு அப்படியும் போனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில், 400 மீட்டர் மிச்சமிருக்கும்போது மோர்செலியின் காலில் தட்டி விழுந்தார். எழுந்து ஓடியும் 12ஆவது இடம், அதாவது கடைசி. அடுத்த ஆண்டே உலக சாம்பியனானார். 1999, 2001, 2003இலும் அந்தப் பட்டத்தை வென்றார். 1999இல் ரோமில் மைல் தூரத்தை 3 நிமிடம் 43.13 வினாடியில் ஓடி இன்னொரு உலக சாதனையும் படைத்தார். அன்று அவர் தோளோடு தோளாக ஓடி, 0.27 வினாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தவர் என்கெனி. அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரில் எல் கெரூஜுக்காக வேகம் பிடித்துக் கொடுத்த அதே இளைஞர்தான்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் எல் கெரூஜுக்கே என்று உலகம் நம்பியது. நேர்க்கோட்டின் கடைசி மீட்டர்களில் அவரைத் தாண்டித் தங்கத்தை எடுத்துச் சென்றவர் என்கெனி. ஆனால் அந்த நவம்பரிலேயே கென்யாவில் ஒரு கார் விபத்தில் அடிபட்டு, பழைய ஓட்டத்துக்கு என்கெனி திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 22.

எல் கெரூஜ் 2004இல் ஏதென்ஸுக்கு வந்தபோது வயது 29. அந்தக் கோடையில் ரோமில் எட்டாவது, சூரிச்சில் கென்யாவின் பெர்னார்ட் லகத்திடம் தோல்வி. ஒலிம்பிக் இறுதி மெதுவாகவே தொடங்கியது. கடைசி நேர்க்கோட்டில் லகத் அவரை முந்தவும் செய்தார். எல் கெரூஜ் மீண்டும் பாய்ந்து 0.12 வினாடியில் வென்றார். எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 34.18 வினாடி. தன் உலக சாதனையைவிட 8 வினாடி அதிகம், ஆனாலும் எட்டு ஆண்டுகளாகக் கைக்கு எட்டாத தங்கம் அதில்தான் வந்தது. நான்கு நாள் கழித்து 5000 மீட்டரிலும் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலேவை முந்தி வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்றவர் அதற்கு முன் பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டுமே, 1924இல். 2006இல் எல் கெரூஜ் ஓய்வை அறிவித்தார்.

இன்றைய தலைமுறையும் இதே இரண்டு தொழில்களுக்கு நடுவேதான் தவிக்கிறது. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் இறுதியைக் கடிகாரப் பந்தயமாகவே ஓடினார். தொடக்கத்திலிருந்தே முன்னால் நின்று வேகத்தை இழுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தான் தங்கம் வென்ற நேரத்தைவிடவும் விரைவாக ஓடி முடித்தார். கடைசியில் மூவர் அவரைக் கடந்துபோக, நான்காவது இடமே கிடைத்தது. தங்கம் அமெரிக்காவின் கோல் ஹாக்கருக்கு. நான்கு நாள் கழித்து 5000 மீட்டர் இறுதியில் இங்கெப்ரிக்ட்சன் முன்னால் இழுக்கவில்லை. கடைசிச் சுற்றுவரை கூட்டத்தோடு காத்திருந்து, பிறகு பாய்ந்து தங்கத்தை வென்றார்.