சிற்பத்தின் ஊர்ப்பெயர்

‘அக்மார்க் கிராமத்தான்’ என்று ஒருவரைச் சொன்னால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. விளைபொருள்களைத் தரம் பிரிக்க 1937-இல் வந்த சட்டத்தின் முத்திரை, தமிழில் ‘கலப்படமற்ற’ என்பதற்கு மறுசொல்லாகிவிட்டது. சான்று முத்திரைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. சரக்கை விற்பவர் யார் என்பது அதன் கவலையல்ல. சரக்கு எப்படிப்பட்டது என்பதே கவலை.

1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் இதற்கென ஓர் அத்தியாயம் உண்டு. எந்தத் தகுதி இருந்தால் முத்திரை கிடைக்கும் என்ற விதிகளை உரிமையாளர் பதிவாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சான்று தரும் சரக்கை அவரே விற்கவும் கூடாது. தராசு பிடிப்பவர் பக்கத்திலேயே கடை போட்டால் எடையை யார் நம்புவார்கள்?

காஞ்சிபுரத்தில் சேலை வாங்குவோர் தேடும் ‘சில்க் மார்க்’ சான்று முத்திரைதான். இழை சுத்தப் பட்டு என்று அது உறுதி தரும். எந்த ஊரில் நெய்தது என்று சொல்லாது.

ஊரைச் சொல்வது புவிசார் குறியீடு. அதற்குத் தனிச் சட்டம்; பதிவகம் சென்னை கிண்டியில். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு அந்தக் குறியீடு 2017-இல் கிடைத்தது. ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியெங்கும் உளிச் சத்தமும் இப்போது கிரைண்டர் சத்தமும் கேட்கும் பட்டறைகளுக்கு அது பொதுச் சொத்து. ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது. ஆனால் ஊரில் பட்டறை இருந்தால் மட்டும் போதாது. சிற்பி ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிய வேண்டும். பலரும் கவனிக்காத படி இதுதான்.

பெயர் கையில் இருந்தாலும் அதன் எல்லை குறுகியது. டார்ஜிலிங் தேயிலைக்குச் சான்று முத்திரை, புவிசார் குறியீடு இரண்டும் உண்டு. கொல்கத்தாவில் ஐடிசி நிறுவனத்தின் ஹோட்டல் ஒன்று தன் ஓய்வுக்கூடத்துக்கு ‘டார்ஜிலிங் லவுஞ்ச்’ என்று பெயர் வைத்தபோது தேயிலை வாரியம் வழக்குப் போட்டது. 2019-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தோற்றது. வாரியத்தின் உரிமை தேயிலையோடு நின்றுவிடுகிறது என்பதே தீர்ப்பின் சாரம். மாமல்லபுரத்தின் உரிமையும் அப்படியே கல்லோடு நிற்கும்.

அடுத்த முறை கடற்கரைக் கோயில் பார்த்துவிட்டுப் பிள்ளையார் சிலை வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன் பயனாளர் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.