கணையப் புற்றை ஒத்த தீங்கற்ற கட்டிகளும் ஊசித் திசு ஆய்வும்

முன்னுரை

கணையத்தின் தலைப்பகுதியில் தோன்றும் கட்டி பித்தநாளத்தை அழுத்துவதால் மஞ்சள் காமாலை உண்டாகிறது. உடல் எடையும் குறைகிறது. இவை கணையப் புற்றுநோயின் அறிகுறிகள். எனினும், இதே அறிகுறிகளுடன் புற்றல்லாத நோய்களும் வருவதுண்டு. புற்று எனக் கருதி அறுவை செய்யப்பட்டோரில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்குக் கட்டி தீங்கற்றது எனப் பின்னர்த் தெரியவருகிறது. இவ்வறுவையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவை ஒருங்கே அகற்றப்படுகின்றன. மறுபுறம், புற்றைத் தீங்கற்றதெனக் கருதிக் காலம் தாழ்த்தினால் அறுவைக்குரிய வாய்ப்பே நழுவிவிடும். இவ்விரு பிழைகளையும் தவிர்ப்பதில் ஊசித் திசு ஆய்வின் பங்கையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புற்றை ஒத்த நோய்கள்

இவற்றுள் முதன்மையானது தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி. இப்பெயரை 1995இல் ஜப்பானின் யோஷிதா குழுவினர் முன்மொழிந்தனர். இந்நோயாளிகளின் குருதியில் ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புரதம் மிகுந்திருப்பதை 2001இல் ஹமானோ குழுவினர் எடுத்துக்காட்டினர். ஸ்டீராய்டு மருந்தாலேயே இவ்வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால், புற்றுநோயாளிகள் சிலரிடமும் ஐஜிஜி4 மிகுந்து காணப்படுவதால் குருதி ஆய்வை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது. நாள்பட்ட கணைய அழற்சியும் கட்டியாகத் திரளக்கூடும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் கணையக் காசநோயையும் கருத்திற்கொள்ள வேண்டும். கணையத்தின் வாற்பகுதியில் பிறவியிலேயே அமைந்த துணை மண்ணீரலும் கட்டிபோலத் தோற்றமளிக்கும். அதற்கு மருத்துவமே தேவையில்லை.

ஊசி செல்லும் வழி

கணையம் வயிற்றின் பின்புறம் ஆழத்தில் உள்ளது. ஆகவே, நுனியில் மீயொலிக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப் வாய்வழியே செலுத்தப்படுகிறது. தலைப்பகுதிக் கட்டியை முன்சிறுகுடலிலிருந்தும், உடல், வால் பகுதிகளிலுள்ள கட்டியை இரைப்பையிலிருந்தும் ஊசி அடைகிறது. 1992இல் டென்மார்க்கின் வில்மன் குழுவினர் இம்முறையில் கணையக் கட்டியிலிருந்து உயிரணுக்களை எடுத்ததை வெளியிட்டனர். பெரிதும் பயன்படும் 22 கேஜ் ஊசியின் தடிமன் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்.

உயிரணுவும் திசுவும்

உறிஞ்சியெடுக்கும் ஊசி உதிரி உயிரணுக்களையே பெரும்பாலும் தருகிறது. புற்றணுவை அதன் வடிவத்தால் அறியலாம் என்பதால் புற்றை உறுதிசெய்ய அவை பெரும்பாலும் போதும். தன்னெதிர்ப்பு அழற்சிக்கு அவை போதா. பிளாஸ்மா செல்களின் திரட்சி, பாய் முடைந்தாற்போன்ற நார்த்திசுப் பெருக்கம், சிரைகளின் அடைப்பு ஆகிய அமைப்புகளே அந்நோயின் அடையாளங்கள். அவற்றைக் காணத் திசு சிதையாமல் கிடைக்கவேண்டும். வெட்டுமுனை ஊசிகள் இதற்கெனவே வடிவமைக்கப்பட்டன. காசநோயில் அழற்சி முடிச்சுகளும் காசநோய்க் கிருமியும் தேடப்படுகின்றன. மண்ணீரல் திசுவைச் சிடி8 சாயமேற்றம் காட்டிக்கொடுக்கிறது.

"காணப்படவில்லை" என்பதன் பொருள்

கணையப் புற்று தன்னைச் சுற்றி அடர்ந்த நார்த்திசுவையும் அழற்சியையும் தோற்றுவிக்கிறது. ஊசி அப்பகுதியை மட்டும் தொட்டுத் திரும்பினால், அறிக்கையில் "புற்றணுக்கள் காணப்படவில்லை" என்றே வரும். இதனைப் "புற்று இல்லை" எனப் படிப்பது பெரும்பிழை. தீங்கற்ற நோய் ஒன்று அதற்குரிய திசு அடையாளங்களோடு உறுதிப்படும்போதுதான் அறுவையைத் தவிர்க்கும் துணிவு மருத்துவருக்குக் கிடைக்கிறது. ஐயம் நீடித்தால் ஊசி ஆய்வை மீண்டும் செய்வதுண்டு. தன்னெதிர்ப்பு அழற்சி எனக் கருதி ஸ்டீராய்டு தொடங்கினால், இரண்டு வாரத்தில் மறுபடியும் படமெடுத்துப் பார்க்கவேண்டும். வீக்கம் குறையாவிடின் புற்று குறித்த ஐயம் வலுப்பெறும். புற்றின் அறிகுறிகள் தெளிவாக இருந்து கட்டியும் அகற்றத்தக்கதாக இருப்பின், ஊசி ஆய்வுக்குக் காத்திராமல் அறுவை செய்வதும் ஏற்கப்பட்ட நடைமுறையே.

முடிவுரை

படம், குருதி ஆய்வு, திசு ஆய்வு ஆகிய மூன்றும் ஒரே நோயைச் சுட்டும்போது முடிவு உறுதிபெறுகிறது. அவை முரண்படும்போது, புற்று காணப்படவில்லை என்னும் அறிக்கை தேடலின் முடிவாகாது. எந்த நோய் என்னும் வினா அதன்பின்னும் விடைக்குக் காத்திருக்கிறது.