சீலையை இழுக்க எத்தனை கை வேண்டும்?

பிற்பகல் மூன்று மணி. குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். எறிகணை வீச்சில் வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். இடது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு யன்னலால் வந்த வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்தது. யன்னலுக்குச் சீலை இருந்தது. ஆனால் கால்மாட்டுப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

"தம்பி, அந்தச் சீலையை ஒருக்கா இழுத்துவிடும்," என்றார். மிஸ்ஸியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அதுகள் ஓடித்திரியுதுகள். சீலை இழுக்கவும் கூப்பிடுறதோ?"

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி என்றால் சாய்வுப் பாதையும் கழிவறையும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. சக்கர நாற்காலி கட்டில்வரை வந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். கட்டிலுக்கு வந்த பிறகு அந்த மனிதர் எதைத் தன் கையால் செய்ய முடியும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. மின்விளக்கு, மின்விசிறி, அழைப்பு மணி, யன்னல் சீலை எல்லாம் இதற்குள் வருபவை. அவற்றில் சீலையைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

வெயிலைச் சின்ன விசயமென்று தள்ள முடியாது. முள்ளந்தண்டு வடம் மார்புக்கு மேற்பகுதியிலோ கழுத்திலோ சேதமடைந்தவர்களுக்குச் சேதத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்ப்பதில்லை. அதனால் உடம்பு தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. மற்றவருக்கு எரிச்சலாக இருக்கும் வெயில் அவர்களுக்கு ஆபத்து. தலையில் காயப்பட்ட பலருக்குக் கூசும் வெளிச்சமே தலையிடியைக் கொண்டுவரும். யாழ்ப்பாணத்தில் மேற்கு யன்னல் மட்டுமல்ல பிரச்சினை. ஏப்ரல் நடுப்பகுதியில் தலைக்கு நேர்மேலே வரும் சூரியன் பிறகு வடக்கே சாய்ந்து ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலாலும் வெயில் வரும்.

அதற்காக எல்லாச் சீலைகளையும் எப்போதும் மூடிவைப்பதும் சரியில்லை. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984 இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில், யன்னலால் மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் எடுத்தன. வலி மருந்தின் தேவையும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஒப்பிட்டது 23 சோடி நோயாளிகளைத்தான், பெரிய ஆய்வல்ல. ஆனாலும் வைத்தியசாலை கட்டுவோர் இன்றும் எடுத்துப் பேசுகிற ஆய்வு அது. எங்கள் மக்களிடம் இன்னொன்றும் உண்டு. அடைத்த அறைக்குள் பங்கர் ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டினதும் திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் படுக்க மாட்டாதவர்களும் இருக்கிறார்கள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அந்தக் கட்டிலில் கிடப்பவரின் முடிவாக இருக்க வேண்டும்.

அதற்குச் சீலையின் இயக்கம் எப்படி அமைய வேண்டும்? அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010 ஆம் ஆண்டு வடிவமைப்புத் தரங்கள் இயக்கும் பாகங்களுக்கு அளவு சொல்கின்றன. ஒரு கையால் இயக்க முடிய வேண்டும். இறுக்கிப் பிடிப்பதோ, விரலால் கிள்ளுவதோ, மணிக்கட்டைத் திருகுவதோ தேவைப்படக் கூடாது. தேவைப்படும் விசை 22.2 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட இரண்டேகால் கிலோ பாரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தடையின்றி எட்ட, பிடி தரையிலிருந்து 38 முதல் 122 சென்றிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பொறியியலாளர் இல்லாமலே சோதிக்கலாம்: கையைப் பொத்திக்கொண்டு, பொத்திய கையாலேயே சீலையை நகர்த்திப் பாருங்கள். விரல் மடங்காதவரின் நிலை அதுதான். படுத்த படுக்கையில் இருப்பவருக்கு இந்த உயரக் கணக்கும் போதாது, பிடி கட்டிலோரம் வரவேண்டும்.

புதிய தனியார் வைத்தியசாலைகளில் உருளைத் திரையும் மணிச்சங்கிலியும் வந்துவிட்டன. பார்க்க அழகு. ஆனால் அந்தச் சங்கிலியைக் கிள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு கையும் தேவைப்படும். வளையமாகத் தொங்கும் சங்கிலி குழந்தைகளின் கழுத்தில் சுருக்காகவும் மாறும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் கடைகளில் இருப்பு வைத்து விற்கும் திரைகளுக்குக் கயிறில்லா அமைப்பைத் தரநிலை கோரியது. சங்கிலி ஏற்கெனவே இருந்தால் சுவரில் இறுக்கிப் பொருத்த வேண்டும். மனநல விடுதியில் அது இருக்கவே கூடாது.

மோட்டரும் ரிமோட்டும் தீர்வென்பார்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் கையாலும் இயங்காத திரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொத்தான்களில் ஆங்கிலம் மட்டும் இருப்பதும் சரிவராது. தொட்டாலே தெரியும் அம்புக்குறி போதும்.

மலிவான வழி எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. மாங்காய் பறிக்கக் கொக்கத்தடி வைத்திருக்கிறோமே, அதுபோல் சீலையின் முன்வளையத்தில் தொங்கும் ஒரு தடி. துணியைப் பற்றாமல் தடியைத் தள்ளினால் சீலை நகரும். நுனியில் தடித்த வளையம் ஒன்று இருந்தால் மணிக்கட்டையே கொழுவி இழுக்கலாம். கண்பார்வை குறைந்தவருக்குத் தெரியத் தடி சுவரின் நிறத்தில் இல்லாமலிருக்கட்டும். துடைத்துச் சுத்தம் செய்யவும் லேசு. ஒன்றே நிபந்தனை: சீலை தொய்ந்த கம்பிச்சுருளில் தொங்கக் கூடாது, நேரான தண்டவாளத்தில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தடியும் மாட்டிக்கொள்ளும்.

கேட்பதற்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வெளியாகின. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அவற்றை நடைமுறைப்படுத்த உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 இல் உத்தரவிட்டது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்த ஐ.நா. சாசனத்தின் 9 ஆம் உறுப்புரை மருத்துவ வசதிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் விடுதிகளுக்குக் கட்டிலும் மெத்தையும் சீலையும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை விலைப்பட்டியல் வரும்போது, ஒவ்வொரு யன்னலுக்கும் நேரான தண்டவாளமும் கட்டிலோரம் எட்டுகிற தடியும் அதில் இருக்கிறதா என்று வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள். பொருத்திய பிறகு, பணம் கொடுக்குமுன், அந்தக் கட்டிலில் யாராவது படுத்துக்கொண்டு பொத்திய கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.