பழைய நடனக் காலணி யாரிடம் போகும்?

சலங்கை கட்டி வெறுங்காலில் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘ஆடிப் பழகிய காலணியைப் பிள்ளைகளின் கலைக் கல்விக்குக் கொடுங்கள்’ என்று மேல்நாட்டு நகரங்களில் கேட்பது நமக்குப் புதிதாகத்தான் இருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

பாலே ஆடும் பெண்கள் விரல்நுனியில் நிற்கப் போடும் பாயிண்ட் ஷூவை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் முனைக்குள் மரக்கட்டை இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துணியும் காகிதமும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு அது. மேலே சாட்டின், பாதத்துக்கு அடியில் விறைப்பான ஒரு பட்டை. ஆட ஆட, சூட்டிலும் வியர்வையிலும் பசை இளகிக் கூடு தொய்ந்துவிடும். பெரிய வேடம் ஏற்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி தீர்ந்துபோவதுண்டு. அமெரிக்காவில் ஒரு ஜோடியின் விலை ஏறத்தாழ 100 டாலர்.

தொய்ந்ததை ஒரு சிறுமியிடம் கொடுக்கலாமா? கூடவே கூடாது. அது இன்னொருவர் பாதத்துக்கு வளைந்துவிட்டது, எடையையும் தாங்காது, கணுக்கால் பிசகிவிடும். புதிய ஜோடியைக்கூட, பொதுவாக 11, 12 வயதுக்கு மேல், காலில் பலம் வந்துவிட்டதா என்று ஆசிரியர் பார்த்த பிறகே போட விடுவார்கள். ஆகவே இந்த ஷூ பணமாக மாறித்தான் பிள்ளைகளைச் சேர வேண்டும். ஆடியவர் கையெழுத்திட்டுத் தந்தால் ரசிகர்கள் ஆசையோடு வாங்கி வைத்துக்கொள்வார்கள்; நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழு இப்படி விற்கிறது. மேடையில் பட்ட அழுக்குக்கும் கிழிசலுக்கும்தான் அங்கே மதிப்பு. துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள்.

பிள்ளைகளின் மெல்லிய பாலே ஷூ, ஜாஸ் ஷூ, தரையைத் தட்டி ஒலியெழுப்பி ஆடும் டாப் ஷூ கதை வேறு. அவை தேய்வதற்குள் கால் வளர்ந்துவிடும். அண்ணனின் தீபாவளிச் சட்டை தம்பிக்கு வருவதுபோல, இவை நேராக அடுத்த பிள்ளையின் காலுக்கே போகலாம். வகுப்பு இலவசமாகக் கிடைத்தும் ஷூவுக்கு வழியில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. டாப் ஷூவின் அடித்தகட்டில் திருகு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் தரையைக் கீறும், காலையும் வாரிவிடும். ஷூவின் தோலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். ஜோடி பிரியாமல் கட்டி, அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். தெருவில் போடும் ஷூவின் எண்ணும் நடன ஷூவின் எண்ணும் பல நேரம் ஒத்துவராது.

ஷூவின் நிறத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இளஞ்சிவப்பு ஷூ, வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து நிலைபெற்ற வழக்கம். ஷூவும் காலும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பினப் பெண்கள் பல காலமாக முகப்பூச்சை ஷூவின்மேல் தடவி வந்தார்கள். 2018-ல் லண்டனின் ஃப்ரீட் ஷூ நிறுவனம் பாலே பிளாக் என்ற நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறங்களில் பாயிண்ட் ஷூவைக் கொண்டுவந்தது. பழுப்பு நிறத்தில் சிறிய ஜோடி ஏதும் வீட்டில் இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். பணமாகக் கொடுப்பவர்கள், அந்தந்தப் பிள்ளையின் நிறத்துக்கே வாங்கும்படி சொல்லிக் கொடுங்கள்.