கை நீட்டுகிறவருக்கு என்ன கொடுப்பது?

கார்த்திகை பிறந்ததும் கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் மாலை போட்டவர்களின் வேன்கள் வரிசை கட்டிவிடும். வண்டி நின்று கதவு திறந்ததும் “சாமி, தர்மம் பண்ணுங்க சாமி” என்று கைகள் நீளும். வாளையார் தாண்டிப் பாலக்காடு போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் ஒலவக்கோடு ரயில் சந்திப்பிலும் இதையே பார்க்கலாம். கொடுப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் தொல்லை விட்டால் போதும் என்று சில்லறையை வீசிவிட்டுப் போகிறார்கள். இரண்டும் வேண்டாம். கேட்பவர் யார் என்று நின்று பார்த்தாலே, செய்ய வேண்டியது பெரும்பாலும் புரிந்துவிடும்.

கேட்பது குழந்தை என்றால் காசு கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தக் காசு பெரும்பாலும் குழந்தையின் கையில் தங்குவதில்லை. தெருவில் நன்றாகச் சம்பாதிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அதற்காக உறுத்து விழித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பழம்பொரியும் பாலும் வாங்கிக் கொடுத்து, அங்கேயே சாப்பிட வையுங்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் திரும்பக் கடைக்கே போகலாம், சூடாகத் தட்டில் வாங்கிக் கொடுத்தது வயிற்றுக்குத்தான் போகும். பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து இடம், நேரம், குழந்தையின் உடை, கூட யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். கேரளத்திலிருந்து அழைத்தாலும் தமிழகத்திலிருந்து அழைத்தாலும் இதே எண்தான். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

வயதானவர்கள் விஷயம் வேறு. எழுபது வயதில் கோயில் வாசலில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் “உழைத்துச் சாப்பிடக் கூடாதா?” என்று கேட்பதில் நியாயமே இல்லை. மனமிருந்தால் பத்தோ இருபதோ கையில் கொடுங்கள், தூக்கிப் போடாதீர்கள். அதை அவர் டீக்குச் செலவழிக்கிறாரா, பீடிக்கா என்று கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை என்பது என் எண்ணம். எல்லைப் பகுதியில் கை நீட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. “சாப்பிட்டீங்களா பாட்டி? எந்த ஊரு?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். மருந்து தீர்ந்திருக்கும், அல்லது ஊர் திரும்ப பஸ் காசு இருக்காது. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவராகவும் இருக்கலாம். அப்படியானவர்களுக்காகவே 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது.

கொடுக்க விருப்பமில்லை என்றால் முகத்தைப் பார்த்து “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு நடங்கள், அதில் தவறில்லை. கூட்டத்தில் பர்ஸைத் திறக்க வேண்டாம், தர நினைக்கும் சில்லறையைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

“போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்ற மிரட்டல் மட்டும் வேண்டாம். அந்த மிரட்டலுக்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் உண்டு. பாலக்காடு அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1945இல் அந்த மாகாணம் பிச்சைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிச்சையைக் குற்றமாகவே பார்த்த காலம் அது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நகரில் நடப்பில் இருந்த பிச்சைத் தடைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை ரத்து செய்தது. 2021இல், பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிடக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேறு வழி இருந்தால் யாரும் பிச்சையெடுக்க மாட்டார்கள் என்பதுதான் நீதிபதிகளின் பார்வை.

மனநலம் குன்றி அலைகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அழுக்கேறிய சாக்குப்பை, சடை விழுந்த தலை, தானாகப் பேசிக்கொள்ளும் வாய் இவற்றைப் பார்த்ததும் “பிள்ளை பிடிக்கிறவன்” என்று சொல்லிவிடுகிற கூட்டம் எங்கும் இருக்கிறது. 2018இன் தொடக்கத்தில் கேரளத்தில் அந்த வதந்தி பரவியது. அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த 65 வயதுப் பெண்மணி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார்.

வதந்தி இல்லாமலும் கூட்டம் கை ஓங்கும். பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையை ஒட்டியது அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினார் என்று சொல்லி, முக்காலி அருகே காட்டில் இருந்த மது என்ற ஆதிவாசி இளைஞரை ஒரு கூட்டம் பிடித்துவந்து கட்டி அடித்தது. அவர் மனநலம் குன்றியவர். அடித்தவர்களில் ஒருவர் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். போலீஸ் ஜீப்பில் கொண்டுபோகும் வழியில் மது இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது, அவர்களில் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல்.

வழியில் அப்படி ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைக் கண்டால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். ஆதரவின்றி அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது போலீஸின் கடமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100 அதைத்தான் சொல்கிறது. போலீஸ் வரும்வரை அங்கேயே நில்லுங்கள், வீடியோ எடுக்காதீர்கள்.