ஊதா மை நிற்குமா? ஒரு சோதனை



அடுத்த மாதத்திலிருந்து நம் சுவர் இதழை முழுக்க ஊதா மையில் எழுதலாம்னு எங்க வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. "பார்க்க அழகா இருக்கும்" என்றது ஒரு கட்சி. "சீக்கிரம் மங்கிப் போகும்" என்றது இன்னொரு கட்சி. சோதித்துப் பார்த்து எழுது, அப்புறம் முடிவு பண்ணலாம்னு டீச்சர் சொன்னாங்க. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது சின்ன விஷயம் இல்லை. புத்தகம் என்றால் ஆயிரம் பிரதி இருக்கும். சுவர் இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். போன வருஷம் ஓர் அக்கா, தறி நெய்த தன் தாத்தாவைப் பற்றி ஒரு பக்கம் ஊதா மையில் எழுதியிருந்தாங்க. அது மேற்கு வெயில் விழுகிற சுவர். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கருப்பில் எழுதிய தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. கீழே வெறும் தாள். அந்த அக்கா படிப்பு முடித்துப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் வேறு எங்கேயும் இல்லை.

ஊதா எப்படி வந்தது?

பழைய காலத்தில் ஊதாச் சாயம் தங்கம் மாதிரி விலை. மத்தியதரைக் கடலோரத்தில் ஒருவகைக் கடல் நத்தையிலிருந்து அதை எடுத்தார்கள். ஒரு துணியில் கொஞ்சம் சாயம் போடவே ஆயிரக்கணக்கான நத்தைகள் வேண்டும். அதனால் அது ராஜாக்களின் நிறமாக இருந்தது.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியா மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை. கருப்பாக ஒரு கசடு கிடைத்தது. அதைச் சாராயத்தில் கரைத்தபோது அழகான ஊதா நிறம் வந்தது. அதுதான் தொழிற்சாலையில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் செயற்கைச் சாயம். கொய்னா தரும் சிங்கோனா மரங்களை 1860-களில் நம் நீலகிரியிலும் நட்டார்கள்.

பெர்கினுக்குப் பிறகு மெத்தில் வயலட் போன்ற மலிவான ஊதாச் சாயங்கள் வந்தன. ஆபீசில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்பின் ஊதா, புண்ணுக்குத் தடவுகிற ஜென்ஷன் வயலட் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

பேனாவுக்குள் என்ன நடக்கிறது?

மை பேனாவில் நிப்பின் நடுவே தலைமுடி போல மெல்லிய பிளவு இருக்கும். நிப்புக்கு அடியில் இருக்கிற கட்டையில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தக் கோடுகள் வழியாக மை நிப்புக்கு வருகிறது. மை வெளியே போன அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காக நடக்க வைக்கிற கட்டைக்கு லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் 1884-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்.

மை கெட்டியாக இருந்தால் அந்தக் கோடுகள் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பேனா மையில் தூள் எதுவும் போடாமல், தண்ணீரில் முழுசாகக் கரைகிற சாயமாகப் போடுகிறார்கள். ஊதா மையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

நான் செய்த சோதனைகள்

சோதனை 1: தாள்

ஊதா மையை மூன்று தாளில் எழுதினேன். கோடு போட்ட நல்ல நோட்டில் எழுத்து சுத்தமாக நின்றது. சார்ட் தாளிலும் பரவாயில்லை. மட்டமான ரஃப் நோட்டில் எழுத்தின் ஓரமெல்லாம் வேர் விட்ட மாதிரி ஊறி, பின்பக்கமும் தெரிந்தது. நல்ல தாளில் மை சட்டென்று ஊறாமல் இருக்க, செய்யும்போதே ஸ்டார்ச் போன்ற பசைப் பொருள் சேர்ப்பார்கள். மட்டத் தாளில் அது குறைவு.

சோதனை 2: சாக்பீஸ்

அறிவியல் பாடத்தில் வரும் வண்ணப்பிரிகைதான். வெள்ளை சாக்பீஸின் அடியில் இருந்து ஒரு விரல் அகலம் விட்டு ஊதா மையால் ஒரு வளையம் போட்டேன். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினேன். வளையம் தண்ணீரில் படக்கூடாது. தண்ணீர் மேலே ஏற ஏற மையும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேலே ரோஸ் நிறம், கீழே நீலம்! நான் வாங்கிய ஊதா ஒரே சாயம் இல்லை, இரண்டு சாயம் கலந்தது.

சோதனை 3: தண்ணீர்

ஒரே தாளில் "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று ஆறு வகையில் எழுதினேன். ஊதா மை, நீல மை, கருப்பு மை, நீல பால்பாயிண்ட், பென்சில், ஆறாவதாகக் கடுக்காய் மை.

கடுக்காய் மை நானே செய்தது. கடுக்காயை இடித்துத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டினால் பழுப்புத் தண்ணீர் வரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதியைக் கொஞ்சம் போட்டதும் கண் முன்னாலேயே கருத்துவிட்டது. கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்வதால் வருகிற கருப்பு இது. இதைக் குச்சியால் தொட்டு எழுதினேன். பேனாவில் ஊற்றக்கூடாது, நிப்பை அரித்துவிடும். அன்னபேதியைத் தொட்டால் கை கழுவணும்.

எல்லாம் ஒரு நாள் காய்ந்த பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஐந்து சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊதாவும் நீல மையும் குளமாகிவிட்டன. கருப்பு மை கொஞ்சம் கலைந்தது. பால்பாயிண்ட், பென்சில், கடுக்காய் மை மூன்றும் அசையவில்லை.

சோதனை 4: வெயில்

இதே ஆறு வரியையும் இன்னொரு தாளில் எழுதினேன். பாதி வார்த்தையைக் கெட்டி அட்டையால் மூடி மொட்டை மாடியில் 14 நாள் வைத்தேன். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

ஊதா மை: மூடின பாதி புதுசு மாதிரி இருந்தது. வெயில் பட்ட பாதி வெளிறிய ரோஸ், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.
நீல மை: ஏறக்குறைய அதே கதை.
கருப்பு மை: பழுப்பாகிவிட்டது, ஆனால் படிக்கலாம்.
பால்பாயிண்ட்: கொஞ்சம் வெளுத்தது.
கடுக்காய் மை: லேசாகப் பழுப்பேறியது, எழுத்து தெளிவு.
பென்சில்: ஒன்றும் ஆகவில்லை.

ஏன் இப்படி?

சாயத்துக்கு நிறம் வருவதே அதன் மூலக்கூறு அமைந்திருக்கிற விதத்தால்தான். சூரிய ஒளியில், அதிலும் புற ஊதாக் கதிரில், அந்த மூலக்கூறு உடைகிறது. உடைந்தால் நிறம் போச்சு. ஊதாவுக்கு எதிரி புற ஊதா! பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதாவது கரி. கரியை வெயில் ஒன்றும் செய்யாது. நம் முன்னோர் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவினார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அந்தச் சுவடிகளைப் படிக்க முடிகிறது.

உங்களுக்குத் தெரியுமா?

வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகிற ஊதாவும் ஒன்று உண்டு. ஓட்டுப் போடும்போது இடதுகை ஆள்காட்டி விரலில் வைக்கிற மைதான் அது! அதில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருத்துப் பிடித்துக்கொள்கிறது. சோப்புப் போட்டாலும் போகாது, நகம் வளர்ந்து வெளியேறினால்தான் போகும். 1962 பொதுத் தேர்தலிலிருந்து இதைச் செய்து தருவது மைசூரில் உள்ள, கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம்.

அப்போ என்ன செய்யலாம்?

ஊதா மை வேண்டவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எழுத வழுவழுன்னு போகுது, பார்க்கவும் கண்ணைப் பறிக்குது. என் யோசனைகள் இவை:

1. தலைப்பு, ஓரக்கோடு, பூ வேலை இவற்றுக்கு ஊதா மை. உள்ளே இருக்கிற விஷயம் கருப்பு பால்பாயிண்டில்.
2. இதழை மேற்குச் சுவரில் இருந்து எடுத்து, நிழலான உள் வராண்டாவில் மாட்டணும். சாரலும் படாது.
3. மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நீள நோட்டில் பென்சிலில் பிரதி எடுத்து, எழுதியவர் பெயரும் தேதியும் போட்டு, நூலக அலமாரியில் வைக்கணும். டீச்சர் போனில் ஒரு படமும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.
4. மங்கிக்கொண்டிருக்கிற பழைய பக்கங்களில் இன்னும் படிக்க முடிகிறதை எல்லாம் இந்த மாதமே பிரதி எடுக்கணும். இதுதான் அவசரம்.

மை பேனா வைத்திருப்பவர்களுக்கு: நிறம் மாற்றும்போது தண்ணீர் தெளிவாக வரும்வரை பேனாவைக் கழுவுங்கள். இரண்டு மையைக் கலக்காதீர்கள். படம் வரைகிற இந்தியன் இங்க்கை ஊற்றவே ஊற்றாதீர்கள், அதில் கரித்தூள் இருக்கு, அடைத்துக்கொள்ளும். மை கொட்டினால் சாக்பீஸை உருட்டி ஒற்றி எடுங்கள். முக்கியமாக, பொதுத்தேர்வில் நீலமும் கருப்பும் மட்டும்தான். ஊதா பேனா அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

பிரதி எடுக்க ஆறு பேர் வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கணும்னு இல்லை, புரிந்தால் போதும். வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பென்சிலோடு நூலகத்துக்கு வாங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி